சின்னக் காயம்தான், சிஸ்டர்

கட்டுக் கட்டும் அறையில் நிற்கிறவர்கள் ஒரு நாளில் அதிகமாகக் கேட்கிற வாசகம் "சின்னக் காயம்தான், சிஸ்டர்" என்பது. அது எவ்வளவு சின்னது என்பதைத் துணியைப் பிரித்த பிறகுதான் பார்க்க வேண்டும்.

பதினான்கு வருடமாகச் சின்னமனூரில் ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிறேன். ஒரு டாக்டர், மூன்று நர்சுகள், கூட்டித் துடைக்கிற முத்துலட்சுமி அக்கா, எட்டுப் படுக்கை. டிரெஸ்ஸிங் ரூம் என் பொறுப்பு. பெரிய விபத்துகள் எங்களிடம் நிற்காது, நேராகத் தேனிக்குப் போய்விடும். எங்களுக்கு வருவது முள், கம்பி, அரிவாள், கண்ணாடித் துண்டு, செருப்புக் கடி. பெரிய காயம் பட்டவருக்கு யாரும் புத்தி சொல்ல வேண்டியதில்லை, பயந்துபோய் அவரே ஓடி வந்துவிடுவார். சின்னக் காயம்தான் வீட்டில் நாலு நாள் தங்கி, கைக்கு அகப்பட்டதையெல்லாம் பூசிக்கொண்டு, வீங்கிய பிறகு வண்டி ஏறி வரும். என்னைப் போலப் பஞ்சும் கத்தரியுமாக நிற்கிறவர்களுக்கும், எதிரே ஸ்டூலில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கும் இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. நம்மைப் போல் இன்னும் பல பேர் இருக்கிறார்கள் என்கிற ஆறுதலுக்காகச் சொல்கிறேன்.

கிரீஸ்

செல்லப்பாண்டி கம்பம் பக்கத்துத் திராட்சை விவசாயி. பந்தலில் கம்பியை இழுத்துக் கட்டும்போது அது அறுந்து வந்து உள்ளங்கையைக் குறுக்காகக் கிழித்துவிட்டது. என்னிடம் வந்தபோது கை முழுக்கக் கறுப்பு. முதலில் தார் என்று நினைத்தேன். மோட்டாருக்குப் போடுகிற கிரீஸ். தோட்டத்தில் கைக்கு எட்டியது அதுதான். பூசியதும் ரத்தம் நின்றுவிட்டது. அந்த நம்பிக்கையில் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்று மூன்று நாள் அதையே போட்டு வந்திருக்கிறார். வேளை தவறவில்லை.

சோப்புத் தண்ணீர் வைத்து அரை மணி நேரம் கழுவினேன். கறுப்புக்கு அடியில் சதை வெளுத்து ஊறிப்போயிருந்தது. ஓரத்தில் அழுத்தினால் சீழ். தைக்கிற நேரம் தாண்டிவிட்டது, திறந்தபடியே வைத்துத்தான் ஆற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தனுர்வாதம் வராமல் தடுக்கிற டி.டி. ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று போட்டது ஞாபகம் இருக்கிறது என்றார். அவருக்கு வயது நாற்பத்தாறு. ஊசி போட்டேன், தினமும் வரச் சொன்னேன். வந்தார். மூன்று வாரம் கொடி வெட்டுகிற கவாத்துக் கத்தரியைத் தொடாமல் இருந்தார். இனிமேல் கிரீஸ் வேண்டாம் என்று ஒவ்வொரு நாளும் சொன்னேன், அதையும் கேட்டுக்கொண்டார். கடைசிக் கட்டைப் பிரித்த அன்றைக்குத்தான் இத்தனை நாள் மனதில் வைத்திருந்ததைக் கேட்டார்.

"கிரீசு போட்ட கம்பி பத்து வருசமானாலும் துருப்பிடிக்க மாட்டேங்குது. கை மட்டும் எப்பிடி சிஸ்டர் கெட்டுப்போச்சு?"

இரண்டு பூச்சு

ஜெயமங்கலத்துக்காரர் ஒருவர் எங்கள் ஊரில் பெண் எடுத்தவர். மாமனார் வீட்டுக்கு வந்த இடத்தில் மாட்டுக் கொட்டகை நிலை இடித்து, நெற்றிக்கு மேலே தலை பிளந்துவிட்டது. மாமியார் ஓடி வந்து காபித்தூளை அள்ளி அப்பினார். அடுத்த வீட்டில் இருந்து வந்த சின்ன மாமியாருக்கு அதில் திருப்தி இல்லை. அவர் மேலே மஞ்சளைக் குழைத்துப் பூசினார். மாப்பிள்ளை தலையைக் குனிந்து இரண்டையும் வாங்கிக்கொண்டார். என்னிடம் வந்தபோது முடி, ரத்தம், காபி, மஞ்சள் எல்லாம் சேர்ந்து அடை மாதிரி இறுகியிருந்தது.

சுற்றிலும் முடியை மழித்து, அடையை ஊறவைத்து எடுத்து, மூன்று தையல் போட்டோம். காயம் சின்னதுதான். ஒரு சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்திருந்தால் பத்து நிமிட வேலை. தூள் உள்ளே போய் உட்கார்ந்ததால் முக்கால் மணி ஆனது. வெளியே பெஞ்சில் இரண்டு மாமியாரும் ஆளுக்கு ஒரு ஓரமாக உட்கார்ந்து, எது கெட்டது என்று நான் வந்து சொல்வதற்காகக் காத்திருந்தார்கள். நான் கையைக் கழுவிக்கொண்டு கதவைத் திறக்கப் போனபோது மாப்பிள்ளை மெதுவாகக் கூப்பிட்டார்.

"ரெண்டுமே கெடுதல்னு சொல்லிருங்க சிஸ்டர். ஒண்ண மட்டும் சொன்னீகன்னா நான் இன்னும் ரெண்டு நாளைக்கு அங்கன சாப்பிட முடியாது."

விரலில் எலுமிச்சம்பழம்

ஆரோக்கியமேரி டீச்சர் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை மீன் அலசும்போது நகக்கண்ணில் முள் குத்தியது. முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் குழம்பு வைத்தார். செவ்வாய்க்கிழமை விரல் விண் விண் என்று தெறிக்க ஆரம்பித்தது. நகச்சுற்று என்று முடிவு செய்து, எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலில் சொருகிக்கொண்டார். தினம் ஒரு புதுப் பழம். அந்த விரலை வைத்துக்கொண்டே கரும்பலகையில் எழுதியிருக்கிறார். சனிக்கிழமை என்னிடம் வந்தபோதும் பழம் விரலில்தான் இருந்தது.

பழத்தை எடுத்தால் விரல் நுனி பழத்தைவிட மஞ்சளாக இருந்தது. டாக்டர் மரப்பு ஊசி போட்டு, நகத்தின் ஓரத்தைத் திறந்து சீழை வெளியே விட்டார். வலி அப்போதே பாதி இறங்கிவிட்டது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் எலும்பு வரை போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதும் டீச்சர் முகம் சின்னதாகிவிட்டது. கட்டுப் போடும்போது நான் பேச்சுக்கொடுத்தேன். என் மகள் அவரிடம்தான் படிக்கிறாள். நுண்ணுயிரிகள் பாடத்தை டீச்சர் படம் போட்டு அவ்வளவு அருமையாக நடத்தினார் என்று வீட்டில் வந்து சொல்லியிருந்தாள். அதைச் சொல்லி, உங்களுக்குத் தெரியாததா டீச்சர் என்று கேட்டேன்.

அவர் கட்டுப் போட்ட விரலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அது பரீட்சைக்கு வர்ற பாடம், சிஸ்டர்."

வலி தாங்குகிற உடம்பு

பெரியகருப்பன் வாழைத்தார் வியாபாரி. அன்றைக்கு அவர் நோயாளியாக வரவில்லை. மனைவி ஈஸ்வரிக்கு ரத்த அழுத்தம் பார்க்கத் துணைக்கு வந்தவர். முத்துலட்சுமி அக்கா அப்போதுதான் தரையைத் துடைத்து முடித்திருந்தார். துடைத்த இடத்தில் வாசலில் இருந்து பெஞ்சு வரை சிவப்பாக ஒரு தடம். யார் காலில் ரத்தம் என்று அக்கா அதட்டலாகக் கேட்டார். எல்லோரும் குனிந்து அவரவர் காலைப் பார்த்தார்கள். பெரியகருப்பன் பார்க்கவில்லை. ஈஸ்வரிதான் அவர் காலைத் தூக்கிப் பார்த்தார்.

செருப்பு அடித்தோலில் இருந்து ஓர் ஆணி மேலே ஏறி, கட்டைவிரலுக்கு அடியில் குத்தியிருந்தது. காலையில் இருந்து அதோடுதான் நடந்திருக்கிறார். ஆணியை நான் செருப்பில் இருந்து இடுக்கியால் பிடுங்கிக் காட்டியபோது, வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்தார். "எனக்கு வலி தாங்குற உடம்பு சிஸ்டர், சின்ன வயசுலருந்தே அப்பிடித்தான்" என்றார். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. இது உடம்பு வலி தாங்குவது இல்லை, பாதத்தில் உணர்ச்சி நரம்பு செத்துவிட்டது என்று டாக்டர் விளக்கினார். தினமும் கட்டு மாற்ற வேண்டும், நடக்கக் கூடாது, தினம் ராத்திரி படுக்கும் முன் பாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். இரண்டு நாள் வந்தார். மூன்றாம் நாள் முகூர்த்தம் நெருங்கிவிட்டது, கேரளாவுக்கு லோடு ஏற்ற வேண்டும் என்று போனில் சொன்னார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வலியே இல்லை என்றார்.

ஒன்பது நாள் கழித்து ஈஸ்வரி கூட்டிக்கொண்டு வந்தார். வீட்டில் ஏதோ நாற்றம் அடிக்கிறது, பீரோவுக்கு அடியில் எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்து, இரண்டு நாளாகச் சாமான்களை நகர்த்தித் தேடியிருக்கிறார். மூன்றாம் நாள் கணவர் கட்டிலில் காலை நீட்டியபோதுதான் நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்கிறது. இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. தேடிய இடங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். கட்டைப் பிரித்த டாக்டர் உடனே தேனிக்கு எழுதிக்கொடுத்தார். அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். கட்டைவிரலையும் அடுத்த விரலையும் எடுத்துவிட்டுப் பாதத்தைக் காப்பாற்றினார்கள்.

பிறகு இரண்டரை மாதம் எங்களிடம் கட்டு மாற்ற வந்தார். ஒரு நாள்கூட விடவில்லை. சுத்தம் செய்யும்போது மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பார். வலி இல்லாததால் பேசிக்கொண்டே கட்டு மாற்றலாம், எனக்கு அது சுலபமான வேலைதான். ஆனால் ஒரு நாள் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கொஞ்சம் அழுத்திப் பிடிங்க சிஸ்டர். எங்கயாச்சும் வலிக்குதான்னு பாப்போம்."

என் கட்டைவிரல்

ஊருக்குச் சொல்கிற எனக்கும் ஒன்று நடந்தது. ஊசி மருந்து இருக்கிற கண்ணாடிக் குப்பியின் கழுத்தை உடைக்கும்போது கட்டைவிரலில் வெட்டியது. அன்றைக்குக் கூட்டம். ரத்தத்தைப் பஞ்சால் ஒற்றி, மேலே ஒரு பிளாஸ்திரியைச் சுற்றிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் துலக்கினேன், துணி துவைத்தேன். பிளாஸ்திரி நனைந்து தொங்கியது. மாற்றவில்லை. நாளைக்கு ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அங்கே போனால் கூட்டம்.

மூன்றாம் நாள் விரல் வீங்கிக் கையுறைக்குள் நுழையவில்லை. ஒரு சைஸ் பெரிய கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டேன். இதை எழுதும்போதுதான் இது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று தெரிகிறது, அப்போது சாமர்த்தியமாகத் தெரிந்தது. முத்துலட்சுமி அக்கா குப்பைக்கூடையை எடுக்க வந்தவர், நான் இடது கையால் கத்தரி பிடிப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு வந்து கையுறையை உருவினார். மணிக்கட்டைத் தாண்டி ஒரு சிவப்புக் கோடு ஏறியிருந்தது. கிருமி மேலே பரவுகிறது என்று காட்டுகிற இந்தக் கோட்டைப் பார்த்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று எத்தனையோ பேரிடம் சொன்னவள் நான். டாக்டர் விரலைத் திறந்து பார்த்து, உள்ளே இருந்த கண்ணாடித் தூளை எடுத்து, ஐந்து நாள் ஊசி எழுதினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்தக் குறையை அக்கா தீர்த்துவைத்தார்.

"ஊருக்கெல்லாம் நீங்க கத்துவீக. ஒங்களக் கத்துறதுக்கு யாரு இருக்கான்னு சொல்லுங்க, நான் போயிக் கூட்டியாறேன்."

பேர் வைக்காத குட்டி

கவிதா பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஜாக்கெட் தைக்கிறவர். ஊசி குத்திய விரலைக் காட்ட வந்தார். ஊசிக் காயத்தில் ஒன்றும் இல்லை. கழுவும்போது முழங்கைக்குக் கீழே மெல்லிய கீறல் ஒன்று கண்ணில் பட்டது. கேட்டேன். தெருவில் கிடந்த நாய்க்குட்டியை இரண்டு நாள் முன்னால் கடைக்குள் தூக்கி வந்து பால் வைத்தாராம், அது விளையாட்டில் பல்லைப் பதித்துவிட்டதாம். ரத்தம்கூட எட்டிப் பார்க்காத கீறல். கழுவினீர்களா என்றால், முந்தானையில் துடைத்தேன் என்றார். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வைத்தேன். நாய்க்கடி ஊசி போட வேண்டும் என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளங்கை அளவு குட்டி, இன்னும் பேர்கூட வைக்கவில்லை, அதற்குள் ஊசியா என்றார். டாக்டர் சிரிக்காமல் சொன்னதால் முதல் ஊசி போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் வந்து இரண்டாவதையும் போட்டுக்கொண்டார், எனக்காக வந்தது போல.

அடுத்த ஊசிக்கு ஏழாம் நாள் வரச் சொல்லியிருந்தோம். ஆறாம் நாள் காலையில் நான் பையை வைப்பதற்கு முன்பே வாசலில் நின்றார். முந்தின நாள் குட்டி வாயில் நுரை தள்ளி, கடை மூலையில் செத்துக் கிடந்திருக்கிறது. என்ன நோய் என்று யாருக்கும் தெரியாது. விஷம் தின்றிருக்கலாம், வேறு ஏதாவதும் இருக்கலாம். கழுவியதும் ஊசி ஆரம்பித்ததும் நல்லதாகப் போயிற்று, முறைப்படி முடித்துவிட்டால் பயமில்லை, நாளைக்கு வாருங்கள் என்றேன். மீதி ஊசிகள் எல்லாவற்றையும் சொன்ன தேதியில் போட்டுக்கொண்டார், இன்றைக்கும் நன்றாக இருக்கிறார். ஆனால் அன்றைக்கு வாசலை விட்டு நகரவில்லை.

"ஏழாம் நாளுன்னா ஏழாம் நாளேதானா சிஸ்டர்? இன்னைக்கே போட்டா அந்த மருந்து கோவிச்சுக்கிருமா?"

ஜீப்பில் ஓர் இடம்

பேச்சியம்மாள் கம்பத்தில் இருந்து விடியற்காலை ஜீப் ஏறிக் கேரளாவில் ஏலக்காய் எடுக்கப் போகிறவர். கணுக்காலில் அட்டை கடித்திருக்கிறது. சுண்ணாம்பைத் தடவி அட்டையைத் தள்ளிவிட்டார். அரித்தது, சொறிந்தார், புண்ணானது. மேஸ்திரியிடம் காட்டினால் அவர் மலையாளத்தில் "சாரமில்லா" என்றாராம், பரவாயில்லை என்று அர்த்தம். அதோடு இன்னும் நாலு நாள் மலை ஏறி இறங்கினார். எங்கள் ஊரில் தங்கச்சி வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்த இடத்தில் குளிர்க் காய்ச்சல் தூக்கிப்போட்டது. கூட்டி வந்தார்கள். முழங்கால் வரை கால் சிவந்து பளபளவென்று இருந்தது, தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. மாத்திரை கொடுங்கள், காலையில் ஜீப்புக்குப் போக வேண்டும், ஒரு நாள் விட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்துவிடும் என்றார். டாக்டர் அவரைக் கட்டிலில் இருந்து இறங்கி நடந்து காட்டச் சொன்னார். கால் தரையில் பட்டதும் பேச்சியம்மாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நாலு நாள் குளுக்கோஸ் பாட்டிலும் ஊசியுமாகப் படுத்திருந்தார். கிளம்பும்போது, இனி அட்டை கடித்தால் சொறியாதீர்கள், சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சிவப்பு பரவினால் அன்றைக்கே லீவு போட்டு வாருங்கள் என்று சொன்னேன்.

"அட்ட கடிச்சதுக்கெல்லாம் லீவு போட்டா, ஜீப்புல டிரைவரு மட்டுந்தான் மலை ஏறுவாரு."

கழுவிக்கொண்டு வந்தவர்

கடைசியாக ஒருவர். முருகேசன், மேகமலை ரோட்டில் இளநீர் வெட்டுகிறவர். அரிவாள் வழுக்கி இடது ஆள்காட்டி விரலில் பட்டுவிட்டது. அவர் என்ன செய்தார் என்றால், பக்கத்து டீக்கடைக் குழாயில் சோப்புப் போட்டு விரலை நன்றாகக் கழுவினார். துவைத்த கைக்குட்டையை வைத்து அழுத்திக்கொண்டு, கையை உயர்த்தியபடி ஆட்டோவில் வந்தார். வெட்டு விழுந்து இருபது நிமிடம்கூட ஆகவில்லை. டி.டி. எப்போது போட்டது என்று கேட்டால், போனை எடுத்து சீட்டின் போட்டோவைக் காட்டினார்.

நான் துணியைப் பிரித்தேன். சுத்தமாக இருந்தது. கஷாயமோ இலையோ தூளோ எதுவும் இல்லை. முத்துலட்சுமி அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, சுரண்டி எடுக்க ஒன்றுமே இல்லையா என்பதுபோல என்னைப் பார்த்தார். டாக்டர் விரலை மடக்கி நீட்டச் சொன்னார், நரம்புக்கு ஒன்றும் இல்லை, தையலும் வேண்டியதில்லை. மருந்து வைத்து ஒரு சின்னக் கட்டு. நனைக்காதீர்கள், நாளைக்கு ஒரு தடவை காட்டுங்கள் என்றேன். எல்லாம் ஐந்து நிமிடம். முருகேசன் எழுந்திருக்காமல் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஒரு கூச்சம் வந்துவிட்டது.

"அப்ப நான் வீணாத்தான் வந்துருக்கேன், அப்பிடித்தான சிஸ்டர்?"

இவரைப் போல நேரத்தோடு வந்து போனவர்களைப் பற்றி எழுத இதற்கு மேல் ஒரு வரிகூட இல்லை என்பதால், உங்களைப் பற்றியும் நான் எழுதும்படி ஆகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையிலும் காலிலும்தான் இருக்கிறது.